நூற்றிருபது கட்டங்கள், ஐந்து நிமிடம்

எங்கள் நிறுவனம் மின்விசிறி, இஸ்திரிப் பெட்டி, தண்ணீர் மோட்டார் ஆகியவற்றைத் தயாரிக்கிறது. கூடவே, அவற்றின் பெட்டிக்குள் நாலாக மடித்து வைக்கப்படும் ஒரு தாளையும் தயாரிக்கிறது. மற்றதையெல்லாம் மக்கள் உபயோகிக்கிறார்கள். தாளை மட்டும் யாரும் பிரிப்பதில்லை. முப்பத்தொரு வருடமாக அந்தத் தாளுக்குப் படம் போடுகிறவரும் வாசகம் எழுதுகிறவரும் ஒரே ஆள். எழுத்துப்பிழை பார்ப்பது என் வேலை. அவர் பிழை விடுவதில்லை என்பதால் அவரோடு பேசிக்கொண்டிருக்க எனக்கு நேரம் கிடைத்தது.

அவரை நாங்கள் டொம் சார் என்போம். அவருக்குப் பிடித்த ஃபங்க் இசை என்றால் என்ன என்று யாராவது தெரியாத்தனமாகக் கேட்டால் அவர் மேஜையில் அடிக்கும் அடியின் சத்தம் அது.

"நாலு அடி சார். முதல் அடி, டொம்! அதுல எல்லாரும் வீட்டுக்கு வந்துடணும். மிச்ச மூணு அடியில எவன் எங்க வேணா சுத்தட்டும், கேக்கக் கூடாது. ஆனா மறுபடி ஒண்ணு வரும்போது ஒருத்தன்கூட வெளிய நிக்கக் கூடாது. டொம்!"

இரண்டாவது டொம்மில் யாருடைய தேநீராவது கவிழும். கேட்டவர் துடைத்துக்கொண்டு போவார். மறுபடி கேட்க மாட்டார்.

உலகத்திலேயே கட்டுக்கடங்காத இசை ஒன்றை நேசித்த இந்த மனிதர், ஸ்கேல் வைக்காமல் ஒரு கோடு இழுத்து நான் பார்த்ததில்லை. நடனமாடத்தான் அந்த இசை, அவர் ஆடியதில்லை. செருப்புக்குள் வலது கால் கட்டைவிரல் மட்டும் ஆடும் என்று அவர் மனைவி சொல்வார். நடையும் அப்படித்தான், நிதானமாக, ஒவ்வோர் அடியையும் தரையில் வைத்துச் சரிபார்த்துக்கொள்வது போல. எத்தனை மணிக்குக் கிளம்பினாலும் ஒரு பேருந்தைத் தவறவிட்டுவிட்டு வருவார். கேட்டால், "பஸ்ஸுக்கு அவசரம், எனக்கு என்ன?" என்பார்.

அவர் வாழ்க்கையில் காமிக்ஸ் முதலில் வந்தது. அவர் தெருவில் இருந்த முடிதிருத்தும் கடையில் காத்திருப்பவர்களுக்காக ஒரு கட்டு காமிக்ஸ் கிடக்கும். எட்டு வயதில் மாதம் மூன்று முறை முடி வெட்டிக்கொள்ளப் போனவர் இவர் ஒருவர்தான். "இதுக்கு மேல வெட்டினா மூளை தெரியும், தம்பி. சும்மா உக்காந்து படிச்சிட்டுப் போ" என்று கடைக்காரரே கடைசியில் விடுதலை கொடுத்தார். அங்கிருந்த புத்தகங்களில் கடைசிப் பக்கம் எதிலும் கிடையாது. சவரக்கத்தி துடைக்கப் போயிருந்தது. எனவே முடிவுகளை அவரே வரைந்து ஒட்ட ஆரம்பித்தார். கடைக்கு வந்தவர்கள் அதையும் படித்தார்கள். ஒருவர்கூட வித்தியாசம் கண்டுபிடிக்கவில்லை என்பதை அவர் இன்றுவரை பாராட்டாகவே எடுத்துக்கொள்கிறார்.

பத்தொன்பது வயதில் மாமா வந்தார். அம்மாவின் தம்பி, கப்பலில் சமையல்காரர். எங்கோ தூரதேசத்தில் வாங்கிய ஒரு ரெக்கார்டு பிளேயரையும், திரும்பும் வழியில் துறைமுக நகரத்தில் எடுத்த ஒரே ஒரு ரெக்கார்டையும் கொண்டுவந்தார். அந்த நாட்டு வோல்டேஜ் வேறு, நம் வோல்டேஜ் வேறு என்று யோசித்து, அதை மாற்றிக் கொடுக்கும் செங்கல் கனமுள்ள பெட்டியும் சேர்த்து வாங்கி வந்திருந்தார். மாமா விவரமான ஆள். பிற்பாடு தெரிந்தது, விவரம் ஒன்று குறைவு என்று.

ரெக்கார்டை வாசித்தது துறைமுக நகரத்து ஒன்பது பேர் கொண்ட குழு. அந்த ஒன்றைப் போட்டுவிட்டுக் கலைந்துபோனவர்கள். அதன் அட்டையை டொம் சார் கையில் வாங்கினார். அட்டை முழுவதும் காமிக்ஸ். ஒன்பது கட்டம், ஒன்பது பேர், ஒவ்வொருவர் தலைக்கு மேலும் ஒரு பேச்சு பலூன். ஒன்பது பலூனும் காலி!

ஊசி பள்ளத்தில் இறங்கியது. பேஸ் கிட்டார் தரைக்கு அடியிலிருந்து ஏறி வந்தது. டிரம்ஸ்காரர் ஒரு அடி அடித்துவிட்டு, அடுத்ததை அடிக்கலாமா வேண்டாமா என்று யோசித்து, அடித்தார். டொம் சார் பேனாவை எடுத்து முதல் பலூனில் எழுத உட்கார்ந்தார். அன்றிலிருந்து எழுந்திருக்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

அவர் தொழில் முறை அங்கேயே பிறந்தது. நாலு அடிக்கு ஒரு கட்டம். அந்த ரெக்கார்டில் நாலு அடி போக மூன்று செகண்டு ஆகும். மூன்று செகண்டில் மனிதன் அவசரப்படாமல் ஆறு சொல் படிப்பான். ஆகவே கட்டத்துக்கு ஆறு சொல். ஏழு எழுதினால் பாட்டு முந்திக்கொள்ளும், ஐந்து எழுதினால் வாசகன் கொட்டாவி விடுவான். இதைத் தேநீர் இடைவேளையில் எங்கள் ஒவ்வொருவரையும் ஸ்டாப்வாட்ச் வைத்துச் சோதித்து உறுதிசெய்திருந்தார்.

வருடத்துக்கு ஒரு கதை. கதாநாயகி லிஃப்ட் பழுதுபார்க்கும் ஒரு பெண், பெயர் மெக்கானிக் அக்கா. பெல்ட்டில் ஸ்பேனர், வாயில் பதில். அறுபது பிரதி நகலெடுத்து ஸ்டேப்ளர் அடித்து, ஐம்பத்தொன்பதை எங்களுக்கு விநியோகிப்பார். அறுபதாவது, ரெக்கார்டு அட்டையின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் அச்சாகியிருந்த முகவரிக்குத் தபாலில் போகும். இருபத்திரண்டு வருடம் போனது. பதில் இல்லை.

"திரும்பி வரல பாத்தீங்களா?" என்பார் என்னிடம். "திரும்பி வரலைன்னா படிக்கறாங்கன்னு அர்த்தம்."

மற்ற ஃபங்க் பாட்டுகளை அவர் வானொலியிலும் பிறகு போனிலும் கேட்காமல் இல்லை. எல்லாமே அவருக்குக் கொஞ்சம் ஓட்டமாகப் பட்டது. அதற்கு ஒரு விளக்கம் வைத்திருந்தார். "ரேடியோக்காரனுக்கு விளம்பரம் போட எடம் வேணும் சார். பாட்டை ஓட்டி விட்டுடறான்." முப்பத்தேழு வருடம் ஒரு மனிதர் உலகம் முழுவதும் வேகமாகச் சுற்றுகிறது, நம் வீட்டு ரெக்கார்டு மட்டும் சரியாகச் சுற்றுகிறது என்று நிம்மதியாக நம்பியிருந்தார். இதில் சிரிக்க ஒன்றுமில்லை. நம்மில் பெரும்பாலோர் அப்படித்தான் இருக்கிறோம், ரெக்கார்டு இல்லாமல்.

இருபத்துமூன்றாவது வருடம் போன் வந்தது. அந்தக் குழுவின் பேஸ் கிட்டார்காரருடைய மகள். பழைய வீட்டைக் காலி செய்தபோது அலமாரியில் இருபத்திரண்டு மெக்கானிக் அக்காவும் வரிசையாக இருந்தார்களாம்.

"அப்பா எல்லாத்தையும் படிச்சிருக்காரு சார். பதில் போடணும் போடணும்னே இருந்திருக்காரு. சோம்பேறி. இப்ப அந்த ரெக்கார்டை மறுபடி வெளியிடறோம். ரெண்டாம் பக்கத்துல கடைசிப் பாட்டு இருக்குல்ல, அதைக் கேட்டுக்கிட்டே படிக்கற மாதிரி ஒரு காமிக்ஸ் உள்ள வைக்கணும். நீங்கதான் போடணும்."

டொம் சார் நாற்காலியில் உட்கார்ந்தார். ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார் என்பதால் நாற்காலி சற்றே நகர்ந்தது. பிறகு மேஜையில் ஓங்கி ஒரு அடி. என் தேநீர் போனது. நான் வருத்தப்படவில்லை.

இரண்டு மாதம் லீவு போட்டு வரைந்தார். அந்தப் பாட்டு நூற்றிருபது முறை நாலடி எடுத்து வைக்கிறது. எனவே நூற்றிருபது கட்டம், பத்துப் பக்கம். பத்து மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் பழுது. அக்கா ஒவ்வொரு மாடியாக இறங்குகிறாள். ஒவ்வொரு மாடியிலும் நாலு பேர் உள்ளே ஏறிக்கொள்கிறார்கள், யோசனை சொல்கிறார்கள், சண்டை போடுகிறார்கள். கடைசிக் கட்டத்தில் தரைத்தளம், கதவு திறக்கிறது, எல்லாரும் வீடு வந்து சேர்கிறார்கள். அந்த ஒரு கட்டத்தில் பேச்சே கிடையாது. மற்ற நூற்றுப் பத்தொன்பதிலும் ஆறு ஆறு சொல், கறுப்பு மையில், கையெழுத்தில்.

அனுப்ப ஒன்பது நாள் இருக்கும்போது, சரிபார்த்துக்கொள்ளட்டும் என்று மகள் அந்தப் பாட்டைப் போனில் அனுப்பி வைத்தார். ஞாயிற்றுக்கிழமை காலை, சாப்பாட்டு மேஜையில் பத்துப் பக்கத்தையும் பரப்பி, மனைவியின் போனில் பாட்டைப் போட்டுவிட்டு டொம் சார் விரல் வைத்துப் படித்துக்கொண்டே வந்தார். பாட்டு முடிந்தது. விரல் நூறாவது கட்டத்தில் நின்றது. அக்காவும் முப்பத்திரண்டு பேரும் இரண்டாவது மாடியில் தொங்கிக்கொண்டிருந்தார்கள்.

உடனே போன் போட்டார். "ஏம்மா, பாட்டை ஓட்டி விட்டுட்டீங்க! ரேடியோக்காரன்தான் அப்படிப் பண்ணுவான், நீங்களுமா?"

"ஓட்டவே இல்லையே சார். இருங்க, அப்பாகிட்ட தரேன்."

டொம் சார் இதற்கு முன் அந்தக் குரலைக் கேட்டதில்லை; அவர் விரல்களை மட்டும் முப்பத்தேழு வருடமாகக் கேட்டிருக்கிறார். கிழவர் இருமிவிட்டு, "எங்க, உங்ககிட்ட எப்படி ஓடுதுன்னு போட்டுக் காட்டுங்க" என்றார். டொம் சார் ரெக்கார்டைச் சுழலவிட்டு போனைப் பக்கத்தில் பிடித்தார். அரை நிமிடம் பாட்டு ஓடியது.

"யாருப்பா இது?" என்றார் கிழவர். "எங்க பாட்டைத்தான் வாசிக்கறானுங்க. ஆனா எங்களைவிட நல்லா வாசிக்கறானுங்களே!"

மகள் போனை வாங்கிக்கொண்டார். அவர் நல்லவர், அதனால்தான் சொன்னது வலித்தது. "ரெக்கார்டு அச்சுக்குப் போயாச்சு சார், வேகத்தை இனி தொட முடியாது. பரவாயில்ல, காமிக்ஸ் பொருந்தலைன்னா அட்டையில உங்க படம் ஒண்ணு மட்டும் போட்டுக்கலாம். மனசை விட்டுடாதீங்க."

இருபத்திரண்டு வருடத் தபால், கடைசியில் அட்டையில் ஒரு படம்.

இந்த இடத்தில் டொம் சாரின் மனைவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். குடிநீர் வாரியத்தில் தண்ணீர் மீட்டர் சோதிக்கும் பிரிவில் இருக்கிறார். மெதுவாக ஓடும் மீட்டர்களைக் கண்டுபிடிப்பது அவர் உத்தியோகம். ஊரில் எந்த மீட்டரும் அவரை ஏமாற்ற முடியாது. கல்யாணமான புதிதில், "ஏங்க, இந்தப் பாடகர் ஏன் எப்பவும் தூக்கக் கலக்கத்துலயே பாடறாரு?" என்று ஒரு முறை கேட்டார். "அது ஸ்டைல்" என்று பதில் வந்தது. இருபத்தேழு வருடம் ஸ்டைல் என்றே விட்டுவிட்டார். காமிக்ஸையும் அவர் படித்ததில்லை. வீட்டில் ஒருத்தருக்குப் பைத்தியம் போதும் என்பது அவர் கொள்கை.

இப்போது அவர் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து, ரெக்கார்டின் ஓரத்தில் ஒரு காகிதத் துணுக்கை ஒட்டினார். ஸ்டாப்வாட்ச்சைக் கையில் எடுத்தார். ஒரு நிமிடம் எண்ணினார்.

"எத்தனை சுத்து சுத்தணும் இது?"

"முப்பத்து மூணும் கொஞ்சமும்."

"இருபத்தெட்டே முழுசா வரல. எங்க ஆபீஸா இருந்தா இந்நேரம் சீல் வெச்சிருப்போம். கவுத்துங்க அதை."

கவிழ்த்தார்கள். அடியில் ஒரு சிறிய அலுமினியத் தகடு. அதில் அறுபது ஹெர்ட்ஸ் என்று போட்டிருந்தது. அதாவது செகண்டுக்கு அறுபது முறை துடிக்கும் மின்சாரம். நம் வீடுகளுக்கு வருவது ஐம்பது. அறுபதுக்குச் செய்த மோட்டார் ஐம்பதில் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் சுற்றும். வோல்டேஜைப் பார்த்த மாமா ஹெர்ட்ஸைப் பார்க்கவில்லை. மாமாவை விடுங்கள். எங்கள் நிறுவனத்தின் எல்லாத் தாளிலும் முதல் வாசகம், முப்பத்தொரு வருடமாக டொம் சார் தம் கையால் எழுதியது, நான் பிழைதிருத்தியது: "இயக்குவதற்கு முன் அடியில் உள்ள தகட்டைப் படிக்கவும்."

அவர் தகட்டையே வெகுநேரம் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். மனைவி பயந்தே போனார்.

"மூணு செகண்டு இல்ல! ரெண்டரை! கட்டத்துக்கு ரெண்டரை செகண்டு! ஆறுல ஒண்ணு போச்சு! இங்க பாரு, படத்தைத் தொடவே வேணாம். கட்டம் அப்படியே இருக்கட்டும். ஆறு சொல்லு அஞ்சு ஆகணும், அவ்வளவுதான்!"

"அப்ப எடுங்க."

அங்கேதான் சிக்கியது. ஃபங்க்கின் உயிர் அடியில் இல்லை, அடிக்காமல் விட்ட இடத்தில் இருக்கிறது என்று எங்களுக்கெல்லாம் வருடக்கணக்காகப் பாடம் எடுத்தவர், தம் சொல்லில் ஒன்றை விடச் சொன்னால் பிள்ளையைப் பிடுங்கினாற்போல் முழித்தார். முதல் நாள் முழுக்க உட்கார்ந்து மூன்று சொல் எடுத்தார். மறுநாள் காலை அதில் இரண்டைத் திரும்ப வைத்தார். மிச்சம் இருந்த நாள் எட்டானது.

அன்று மாலை வேலையிலிருந்து வந்த மனைவி, பையைக்கூட வைக்காமல், பக்கம் ஒன்றைத் தன் பக்கம் இழுத்தார். வாழ்க்கையில் முதன்முறையாக மெக்கானிக் அக்காவைப் படித்தார்.

"'ஐயோ, இந்த மோட்டாருக்கு என்னதான் ஆச்சு இன்னிக்கு?' ஐயோவை எடுங்க."

"அது உணர்ச்சி."

"வேலை தெரிஞ்சவ ஐயோம்பாளா? நான் ஒரு வீட்டு மீட்டரைத் திறந்து ஐயோன்னா, அவங்க வீட்டைப் பூட்டிட்டு ஓடிடுவாங்க. இவ எதுக்கெடுத்தாலும் ஐயோங்கறா. எடுங்க எல்லாத்தையும்."

இருபத்துமூன்று ஐயோ ஒரே மூச்சில் போனது.

"'அண்ணே, நீங்க சொல்ற மாடிக்கு லிஃப்ட் போகாது.'"

"அண்ணேயை எடுத்தா மரியாதை போயிடும்."

"அண்ணேயை யாரு கேட்டா? நீங்கவை எடுங்க. அண்ணேன்னு கூப்பிட்டதுக்கப்புறம் அது என்ன தனியா நீங்க?"

"சரி. இது?"

"'கதவை மூடுங்க, கையை உள்ள வைங்க, சீக்கிரம்!' சீக்கிரத்தை எடுங்க. அதைச் சொல்லி முடிக்கறதுக்குள்ள கை போயிடும்."

ஆறு நாள் இப்படி. மனைவி சொல்லச் சொல்ல, டொம் சார் வெள்ளை மையால் பலூனை அழித்து, காயவிட்டு, ஐந்து சொல்லை நிரவி எழுதினார். காய வைக்க எடுத்தது எங்கள் நிறுவன மின்விசிறி, நடுவேகத்தில். எடுத்த சொற்களை ஒரு தாளில் ஒன்றின்கீழ் ஒன்றாகக் குறித்துக்கொண்டே வந்தார். ஏன் என்று மனைவி கேட்கவில்லை. துக்கம் கொண்டாடுகிறார் என்று விட்டுவிட்டார். நடுவில் ஒரு நாள் டொம் சார் அலுவலகத்துக்கு ஸ்டேப்ளர் வாங்க வந்தார். நடையைப் பார்த்து நாங்கள் ஜன்னலுக்கு ஓடினோம். மனிதர் முழு வேகத்தில் வந்துகொண்டிருந்தார். வழக்கமாகத் தவறவிடும் பேருந்தைப் பிடித்திருந்தார். "நடந்து பாருங்க சார், பிரமாதமா இருக்கு!" என்று ஸ்டேப்ளரை வாங்கிக்கொண்டு ஓடிவிட்டார்.

கடைசி நாள் காலை. மேஜையில் ஒன்பது பக்கம் வரிசையாக. பத்தாவது கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. போனில் பாட்டு. இந்த முறை படித்தவர் மனைவி. டொம் சார் சுவரோடு ஒட்டி நின்று அவர் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். விரல் டிரம்ஸோடு போனது. எட்டாவது மாடி. ஐந்தாவது மாடி. டிரம்பெட் நுழையும் இடத்தில், டிரம்பெட் போலவே கத்துகிற ஒரு குண்டு மனிதர் லிஃப்ட்டுக்குள் நுழைந்தார். மனைவி படிப்பதை நிறுத்தாமலே சிரித்தார். மூன்று. இரண்டு. பத்தாம் பக்கத்தைத் திருப்பினார். நூற்றுப் பதினேழு, பதினெட்டு, பத்தொன்பது.

டொம்!

கடைசி அடியும் கடைசிக் கட்டமும் ஒன்றாக விழுந்தன. டொம் சார் சுவரிலிருந்து கையை எடுத்தார், காற்றில் குத்தினார், முப்பத்தேழு வருடத்தில் முதன்முறையாக இரண்டு காலையும் தரையிலிருந்து தூக்கினார்.

மனைவி அதைப் பார்க்கவில்லை. கடைசிக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பேச்சே இல்லாத அந்தக் கட்டத்தில் இப்போது லிஃப்ட் கதவு திறக்க, நாற்பது பேர் ஒருவர் மேல் ஒருவர் பிதுங்கி வெளியே வந்தார்கள். அவர்கள் வாயிலிருந்து, ஒன்றை ஒன்று இடித்துத் தள்ளிக்கொண்டு, வெட்டியெறிந்த நூற்றுப் பத்தொன்பது சொல்லும் கொட்டின. சீக்கிரம்! நீங்க! இன்னிக்கு! ஐயோ! ஐயோ! ஐயோ! அக்கா மட்டும் வாயை மூடிக்கொண்டு ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, இதை ரெண்டரை செகண்டுல யாரு படிப்பாங்க?"

"யாரும் படிக்க வேணாம். எல்லாரும் வந்து சேந்துட்டாங்கன்னு தெரிஞ்சா போதும். பாட்டு முடிஞ்சப்புறம் மெதுவா படிச்சுக்கட்டும்."

மனைவி தொடர்ந்து படித்துக்கொண்டிருந்தார். ஐயோக்களை எண்ணினார், தொழில் பழக்கம். இருபத்துமூன்றும் இருந்தன. பிறகு, "அனுப்பிடுங்க" என்றார்.

நாலு நாள் கழித்து மகள் அலுவலக எண்ணுக்கே போன் செய்தார். நாங்கள் எல்லோரும் எழுந்து நின்றோம்.

"பொருந்துது சார், அப்படியே பொருந்துது! அச்சுக்குக் கொடுத்தாச்சு. ஆனா ஒரு பிரச்சினை. பாட்டு அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சிடுச்சு. அப்பா இன்னும் கடைசிக் கட்டத்தை விட்டு எழுந்திருக்கல. சாப்பாடு ஆறுது."

டொம் சார் கையை ஓங்கினார். நான் தேநீரை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டேன்.